பூட்டி வைத்த வாகனம்

2013இல் போர்ஷே நிறுவனம் தன் 911 ஜிடி3 காரைத் தானியங்கி கியருடன் மட்டுமே வெளியிட்டது. கையால் கியர் மாற்றி ஓட்ட விரும்பியோர் ஏங்கினர். 2016இல் அவர்களுக்கென்றே 911 ஆர் வந்தது. மொத்தம் 991 கார்களே. மறுவிற்பனையில் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. மறு ஆண்டே ஜிடி3 காருக்கும் கைக்கியர் திரும்பியது. 911 ஆர் விலை சரிந்தது.

காரில் ஒன்றும் குறையவில்லை. கிடைக்காது என்ற அச்சமே குறைந்தது. ஓட்டினால் மதிப்புக் குறையுமென்று பூட்டி வைத்து, அந்நாளில் விற்க நேர்ந்தவருக்கு ஓட்டிய இன்பமும் இல்லை, எதிர்பார்த்த ஆதாயமும் இல்லை. ஆகவே கடன்பட்டு இத்தகைய காரை முதலீடாக வாங்க நினைப்பவர்களே, நிதானியுங்கள். வசதியிருந்தால் ஓட்டுவதற்காக வாங்குங்கள். பிறருடைய ஏக்கத்தை நம்பி வாங்காதிருங்கள். அந்த ஏக்கம் ஓர் அறிவிப்பில் தணிந்துவிடும்.