ஊசி போடாத டாக்டர்கள்

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "ஏம்பா, நீ கல்கத்தாவிலே டாக்டருக்குத்தானே படிக்கிறே? இந்த வலிக்கு ஒரு மாத்திரை சொல்லேன்" என்றார். நான் படிப்பது பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் என்றும், அது ஊசி போடும் படிப்பல்ல என்றும் எடுத்துரைத்தேன். பெரியம்மா என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்போ எதுக்குப்பா அவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பெரியம்மா இக்கட்டுரையைப் படிக்கப் போவதில்லை. ஆயினும் அதே கேள்வியை நம் விடுதித் தமிழ் நண்பர்களும் வேறு சொற்களில் கேட்கிறார்கள். "மருத்துவத்தில் இடம் கிடைக்கவில்லை, அதனால்தானே இது?" என்பது அவற்றுள் மிக மென்மையானது. அவர்களுக்காவது விடை சொல்லியாக வேண்டும் அன்றோ?

உண்மையை ஒளிப்பானேன்? நான் புள்ளியியல் படித்தவன். மருத்துவக் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். இந்நகருக்கு வந்ததும் தற்செயலே. ஆனால் வந்த பிறகுதான் தெரிந்தது, இந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் இல்லை என்று. காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் இங்கேதான் ஆராய்ந்தார். கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்ந்து பறவைக்குப் பரவும் வழியை ரொனால்டு ராஸ் 1898-இல் இங்கேதான் கண்டார். அந்தக் காலராக் கிருமி குடலில் நஞ்சைக் கக்குகிறது என்பதை 1959-இல் சம்புநாத் தே என்ற வங்காளி மெய்ப்பித்ததும் இங்கேதான். பொதுச் சுகாதாரத்தைக் கற்பிப்பதற்கென்றே அகில இந்திய நிறுவனம் ஒன்று 1932-இல் இந்நகரில் நிறுவப்பட்டது.

இவற்றையெல்லாம் விட என் நெஞ்சில் நிற்பது வேறொன்று. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தார்கள். பங்காவ் என்ற எல்லை ஊரில் காலரா புகுந்தது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் உப்புநீரோ தீர்ந்துகொண்டே வந்தது. திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் அளவாகக் கலந்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து வைத்தார். நோயாளியின் தாயோ தமையனோ அதை மொண்டு மொண்டு வாயில் ஊற்ற வேண்டியதுதான். நூற்றுக்கு 30 என்ற அளவில் இருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. குவளையைப் பிடித்த கைகள் யாருடையவை? பட்டம் பெற்ற கைகளா? உடன்பிறந்தோர் கைகள் அல்லவா! டாக்டரின் அறிவு அங்கே வேண்டாததாகிவிடவில்லை. அது பீப்பாய்க்குள் கரைந்து பல கைகளுக்குப் போயிற்று. நான் படிக்கிற படிப்பின் பொருள் இதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனிக் குறையைச் சொல்கிறேன். இரண்டாண்டு படித்து வெளியேறிய எங்கள் முன்னவர்கள் பலர் என்ன செய்கிறார்கள்? ஏதேனும் ஒரு திட்டத்தில் ஓராண்டு ஒப்பந்தம். ஆண்டு முடிந்தால் வேறு திட்டம், வேறு ஊர். வீட்டுக்கு அனுப்பும் பணம் உண்டு. அடுத்த ஆண்டுக்கு உறுதி இல்லை. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் கண்ட முதல் மாகாணம் நம் சென்னை, ஆண்டு 1939. மருத்துவமனைத் துறை வேறு, சுகாதாரத் துறை வேறு என்று தனித்தனி இயக்குநர்களை வைத்துக் காத்து வருவதும் தமிழ்நாடுதான். இதை வடநாட்டுப் பேராசிரியர்கள் வகுப்பில் புகழும்போது எனக்குக் காலர் உயர்கிறது. ஆனால் அந்தத் துறையிலும் மாவட்டத்தை நடத்தும் நாற்காலி மருத்துவப் பட்டம் பெற்றவருக்கே உரியது.

அது தவறா? இதில் நான் நண்பர்கள் சிலரோடு உடன்படவில்லை. நோயாளியையே தொட்டறியாதவன் கொள்ளைநோய்க் காலத்தில் கட்டளை இடலாமா என்று டாக்டர்கள் கேட்டால், அக்கேள்வி நியாயமானது. அந்த நாற்காலி அவர்களிடமே இருக்கட்டும். ஆனால் அதன் பக்கத்தில் வேறு நாற்காலிகள் வேண்டும். காய்ச்சல் கணக்கை வாரந்தோறும் பார்த்து, எந்தத் தெருவில் கூடுகிறது என்று சொல்ல ஒருவர். குடிநீரையும் சாக்கடையையும் அறிந்த ஒருவர். மக்களோடு பேசத் தெரிந்த ஒருவர். அவர்கள் நிலையான ஊழியர்களாக இருக்க வேண்டும். நான் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. 2017-இல் வெளிவந்த தேசிய சுகாதாரக் கொள்கையே, மாநிலந்தோறும் பொதுச் சுகாதாரப் பணித்தொகுதி அமைக்கவும், சமூகவியல், பொருளியல், செவிலியம் முதலிய துறைகளிலிருந்து வந்து பயிற்சி பெற்றவர்களையும் அதில் சேர்க்கவும் வழி சொல்கிறது. தாளில் இருப்பது ஊதியப் பட்டியலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நாங்களும் குற்றமற்றவர்கள் அல்லர். நாற்காலி கேட்பவன் தகுதியையும் காட்ட வேண்டாமா? எங்களுக்குப் படக்காட்சிப் பாடங்கள் ஏராளம், தெருக்கள் குறைவு. போன மாதம் ஒரு குடிசைப் பகுதிக்குக் கணக்கெடுக்க அனுப்பினார்கள். கையில் வினாத்தாள். "உணவுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறீர்களா?" என்பது பதினோராவது கேள்வி. என் வங்காளமோ, தெலுங்கா ஒரியாவா என்று கேட்பவர் ஐயுறும் வங்காளம். இருந்தும் எல்லா வீட்டிலும் "ஆம்" என்றே சொன்னார்கள். நானும் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டே போனேன். கடைசி வீட்டு மூதாட்டியை "மாஸிமா" என்று அழைத்துக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தெருக் குழாயடிக்கு அழைத்துப் போனார். வரிசையாக வாளிகள், குடங்கள், பழைய எண்ணெய் டப்பாக்கள். காலையில் சிறிது நேரம் நூல்போல வரும் தண்ணீருக்கு அத்தனை வீடுகள். எதற்குக் கழுவுவது, எதற்குக் குடிப்பது என்று அவர் கேட்டது மட்டும் எனக்கு நன்றாக விளங்கிற்று.

வினாத்தாளில் அந்த விடைக்குக் கட்டம் இல்லை. "ஆம்", "இல்லை" இரண்டே. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். விடைகளைக் கணிப்பொறியில் ஏற்றியபோது ஓரத்து எழுத்து ஏறவில்லை. அந்தத் தெருவில் நூற்றுக்கு நூறு பேர் கை கழுவுகிறார்கள் என்று அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. புள்ளியியல் படித்தவன் நான். கூட்டல் சரியாகவே இருந்தது. வெட்கத்தால் எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்து, "அடுத்த முறை குழாயையும் எண்ணு" என்றார். நல்ல மனிதர். ஆனால் அடுத்த முறைக்கான வினாத்தாள் முன்பே அச்சாகிவிட்டது!

ஆகவே அந்தக் குழாயடிக்கு நானே மறுபடியும் போவதென்று முடிவு செய்திருக்கிறேன். எத்தனை வீடுகள், எத்தனை குடங்கள், எத்தனை நிமிடங்கள் என்று எண்ணி எழுதி, அறிக்கையோடு இணைத்துக் கொடுப்பேன். ஒருவனால் ஆகிற வேலையன்று. பொருளியல் நண்பர்கள், பொறியியல் நண்பர்கள், வங்காளம் என்னைவிட நன்றாகப் பேசும் இரசாயனத் துறைத் தங்கைமார் யார் வந்தாலும் நன்று. வருகிற ஞாயிறு காலை 5½ மணிக்கு விடுதி வாசலில் நிற்பேன். தண்ணீர் 6 மணிக்கு வரும், பிந்தினால் நின்றுவிடும்.