குற்றவாளி கிரகமல்ல, கிருமி!

"எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது", "ஜாதகத்தில் தோஷம்", "கிரகணத்தில் வெளியே வந்தாள்" என்று குறைமாதக் குழந்தையின் தொட்டிலைச் சுற்றி இன்னும் பேச்சு! பிழையேதும் செய்யாத தாய் பழி சுமக்கிறாள். பரிகாரம் சொல்பவன் பணம் சுமந்து போகிறான். நாம் கேட்கிறோம்: மருத்துவம் என்ன சொல்கிறது?

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020-ஆம் ஆண்டில் இப்படிப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அதில் 30 லட்சம் இந்தியாவில்! அத்தனை வீட்டிலுமா தோஷம் குடியிருக்கிறது?

காரணங்கள் பல. இரட்டைக் கரு உண்டு. இரத்தக் கொதிப்பு உண்டு. நம் வீடுகளில் பேசப்படாத காரணம் ஒன்றும் உண்டு. அதுதான் கருப்பைக்குள் மூளும் அழற்சி. பிறப்புவழியே மேலேறும் கிருமி, பனிக்குடத்தின் சவ்வைத் தாக்குகிறது. உடல் எதிர்த்து நிற்கிறது. அந்தப் போரில் சவ்வு நலிகிறது, நீர் உடைகிறது, நாள் வருமுன் வலி வருகிறது. தாய்க்குக் காய்ச்சல்கூடக் காட்டாமல் இது நடப்பதுண்டு. போர் நடப்பதோ பிள்ளை இருக்கும் இடத்தில்! அழற்சி பிள்ளையின் உடலுக்கும் பரவினால், முதிராத நுரையீரல் புண்படலாம், மூளை பழுதுபடலாம். பிழைத்த பிள்ளையும் மூச்சுக்குத் தவிக்கலாம். கைகால் விறைத்து நடக்க முடியாமல் போகலாம்.

தடுக்க வழி தெரியாத காலம் இருந்தது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தான். நுரையீரல் முதிரவில்லை, 39 மணி நேரத்தில் மாண்டான். வெள்ளை மாளிகையின் செல்வாக்கு ஒரு மூச்சைக்கூட வாங்கித் தரவில்லை! 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸ், ஹோவி எனும் இருவர் ஆய்வை வெளியிட்டனர்: பிரசவத்துக்கு முன்பே தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைந்து முதிரும். அன்று ஜனாதிபதியின் மனைவிக்குக் கிட்டாத மருந்து, இன்று கூலித் தொழிலாளியின் மனைவிக்கும் உண்டு.

ஆனால் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். நீர் உடைந்த பிறகு, இராகுகாலம் கழியட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தால் ஊசி என்ன செய்யும்?

ஆகவே தோழர்களே, மாதம் தவறாமல் மனைவியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். வலியே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும், மருந்துக்கு அது கட்டுப்படும். நீர் கசிந்தால், காய்ச்சல் கண்டால், உடனே மருத்துவமனை! எடை குறைந்த பிள்ளை பிறந்தால் மார்போடு அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். இந்தியாவும் பங்கேற்று 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனே இப்படி அணைத்ததால் முதல் 28 நாள் மரணம் 25 சதவீதம் குறைந்தது. தாய் களைத்தால் தந்தையின் மார்பும் ஆகும். அதில் வெட்கம் என்ன?

வீட்டோடு முடிவதல்ல வேலை. மகப்பேறு உதவித்தொகையை 2006-இல் 6,000 ரூபாயாக உயர்த்தியது கழக அரசு. பின்னர் அது 18,000 ஆயிற்று. மகிழ்கிறோம். ஆனால் கட்டட வேலையில் கல் சுமக்கும் கர்ப்பிணி, ஒதுங்க இடமின்றி நாளெல்லாம் சிறுநீரை அடக்குகிறாளே! அவளுக்குக் கழிப்பறை எங்கே? குடிக்கத் தண்ணீர் எங்கே? ஓய்வு எங்கே? கூலி உயர்வு கேட்கும் மேடையிலேயே இதையும் கேட்போம். அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் தீர்மானம் இதுவாகட்டும்!