நான்காவது கூறு

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரிபவரும் ஒரு கூறாவார். வகுப்பறையில் இக்குறளுக்குப் பதவுரை கூறி முடித்துவிடும் தமிழுலகம், அந்த நான்காவது கூறு முதியோர் இல்லங்களில் என்ன செய்கிறது என்று வினவுவதில்லை.

ஜொகூர்த் தோட்டங்களில் அன்று மருத்துவர் குறித்த நாளில்தான் வருவார். இடைப்பட்ட நாள்களில் நோயின் கடுமையை உணர்ந்து மேலே தெரிவிக்கும் பொறுப்பு ‘டிரசர்’ எனப்பட்ட உதவியாளருடையது. அங்கே பால்வெட்டி மூத்தவர்களுள் சிலர் இன்று சேர்ந்திருக்கும் முதியோர் இல்லங்களிலும் நிலை அதுவே. மருத்துவர் எந்நேரமும் உடனிருப்பதில்லை. பணியாளரின் கண்ணே அவருக்குக் கண்.

அக்கண்ணை மறைக்கும் திரை, “வயதானால் அப்படித்தான்” என்னும் சொல். முதியவரை நுரையீரல் தொற்று பற்றும்போது காய்ச்சல் தோன்றாமலே போகலாம். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர் இன்று ஆளறியாது பிதற்றுவதும், உணவை மறுப்பதும், ஓயாது உறங்குவதுமே முதல் அறிகுறிகளாகலாம். அவற்றை முதுமையென ஒதுக்குவது அறியாமை. அறிந்தபின்னும் “நாளை மருத்துவர் வருவார்” என்று காத்திருப்பது கொடுமை. வாய் கோணிக் கை சோர்ந்தால் உடனே 999ஐ அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்திற்குரிய கரைப்பு மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். இழந்த அந்த நேரத்தை நாளை வரும் மருத்துவர் மீட்டுத்தர இயலாது.

மலேசியாவில் பராமரிப்பு நிலையங்களுக்கென 1993இலும், தனியார் முதியோர் உடல்நலப் பராமரிப்புக்கென 2018இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் நள்ளிரவில் விழித்திருந்து மூச்சை எண்ணுவது சட்டமன்று, பணியாளரே.

“சிறியவற்றுக்கெல்லாம் அழைத்தால் மருத்துவர் சினப்பார், நிர்வாகம் செலவை எண்ணும்” என்று அஞ்சுவோர் உளர். வீண் அழைப்பால் போவது சில நிமிடங்கள். அழையாமையால் போவது ஓர் உயிர். பணியாளரை அவ்வாறு அஞ்சவைக்கும் நிர்வாகமே முதற் குற்றவாளி. மாற்றம் எப்போது தொடங்கியது, நேற்று எவ்வாறிருந்தார், வெப்பமும் நாடியும் மூச்சும் எவ்வளவு, யாரிடம் எத்தனை மணிக்குத் தெரிவிக்கப்பட்டது என்பவற்றை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும்.

மொழித்தடை மற்றொன்று. “நெஞ்சடைக்கிறது” என்று முதியவர் தமிழில் முனகும்போது, தமிழறியாப் பணியாளர் அதனை எங்ஙனம் உணர்வார்? வலியைக் குறிக்கும் பத்துச் சொற்களைப் பணியாளருக்குக் கற்பிப்பது தமிழாசிரியர்க்கு அரிய செயலன்று. முதியோர் இல்லம் சென்று பழம் வழங்கிப் படம் பிடித்துத் திரும்பும் மாணவர்கள், அந்தப் பத்துச் சொற்களை அங்கே எழுதி வைத்துவிட்டு வரட்டும். அதுவே அக்குறளுக்குத் தக்க உரை.