மூணாவது பின்னு என்ன அழகுக்கா இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை அம்மா என் உப்புத்தண்ணி மீன்தொட்டிக்குள்ள கைய விட்டுட்டு "டேய், சுர்ருங்குதுடா"ன்னு இழுத்துக்கிட்டாங்க. மெயினை அணைச்சிட்டுப் பாத்தா ஹீட்டர் கண்ணாடியில மயிரிழை விரிசல். இப்ப பொட்டி தட்டுறேன்னாலும் நான் படிச்சது ட்ரிபிள் ஈ. வெக்கமா இருந்துச்சு.

ஹீட்டர் வாங்கின கடையில போய்ச் சொன்னா, "ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் கை விடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது"ங்கறார். அய்யா சாமி, அந்தச் செருப்பு நனையவே நனையாதா? இன்னொரு கை எர்த் ஆன லைட்டு மூடியைப் பிடிக்காதா? கடல் தண்ணி குழாய்த் தண்ணியை விடப் பல மடங்கு கரண்டைக் கடத்தும்.

அடுத்த வாதம், "அதான் எம்சிபி இருக்கே". எம்சிபி காப்பாத்துறது ஒயரை, உங்களை இல்ல. 16 ஆம்பியரைத் தாண்டினாத்தான் அதுக்குக் கோவமே வரும். நெஞ்சு நிக்க மில்லிஆம்பியர் கணக்கே போதும். ஆர்சிசிபி வேற ரகம். ஃபேஸ்ல போன கரண்டு நியூட்ரல்ல முழுசா திரும்புச்சான்னு பாத்துக்கிட்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் காணாமப் போனா 0.3 நொடிக்குள்ள கட்.

டைட்டானியம் எர்த் ப்ரோப் மட்டும் போட்டுட்டுத் தூங்குற கூட்டத்துக்கு: ஆர்சிசிபி இல்லாம அது வம்பு. தண்ணி முழுக்க எர்த். ஒரு கை தண்ணியில, ஒரு கை லீக்காகுற லைட்டுல இருந்தா, கரண்டு நெஞ்சு வழியாத்தான் போகும். ஆர்சிசிபியோட போட்டா அதே ப்ரோப் தங்கம். ஹீட்டர் விரிசல் விட்டதுமே, நீங்க கை விடுறதுக்கு முன்னாடியே ட்ரிப் ஆயிடும்.

"ராத்திரி ட்ரிப் ஆனா பம்ப் நின்னு மீன் செத்துருமே?" இது ஒண்ணுதான் நியாயமான கேள்வி. ஹீட்டருக்கு ஒரு ஆர்சிசிபி, பம்புக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் போடுங்க. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வச்சுக்கங்க. மீனுக்காக அம்மாவைப் பணயம் வைக்க முடியாது.

ஒயரை ப்ளக்குக்குக் கீழ தொங்கவிட்டு மேல கொண்டுபோங்க, சொட்டுற தண்ணி தரையோட போயிடும்.

நேத்து ஆர்சிசிபி மாட்டுறப்ப ஸ்விட்ச் பாக்ஸைத் திறந்தோம். பச்சை ஒயரைச் சுருட்டி டேப் சுத்தி உள்ள தள்ளியிருக்கார், வீட்டுக்கு ஒயரிங் பண்ணின புண்ணியவான். இத்தனை வருசமா அந்த மூணு பின் சாக்கெட்டுக்கு எர்த்தே இல்ல.

டிஸ்கி: தண்ணியில மல்டிமீட்டர் 40 வோல்ட் காட்டுதுன்னு உடனே அலறாதீங்க. பம்ப் காயில் பக்கத்துல இருந்தாலே அது அப்படிக் காட்டும். ஆனா சுர்ருன்னா அது மீட்டர் கோளாறு இல்ல.