கையால் திருப்பும் வில்லை

ஐயா ஒரு காலத்தில் உபயோகித்த பிலிம் கமராவும் அதன் வில்லையும் எத்தனையோ வீடுகளில் அலுமாரியின் மேற்றட்டிலே தோலுறைக்குள் உறங்குகின்றன. பிள்ளைகளிடமோ டிஜிட்டல் கமரா இருக்கின்றது. பழைய வில்லையைப் புதியதிற் பொருத்தி அம்மம்மாவை அழகாக ஒரு படம் எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும்.

உதாரணமாக, நிக்கோன் நிறுவனத்தார் 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட 85 மில்லிமீற்றர், எஃப் 1.4 வில்லையை எடுத்துக்கொள்வோம். முகங்களைப் படம்பிடிப்பதிற் பெயர்பெற்றது அது. அந்நிறுவனத்தாரின் உட்கண்ணாடியுள்ள டிஜிட்டல் கமராக்களில் நேரடியாகவே பொருந்தும். உட்கண்ணாடியில்லாப் புதுவகைக் கமராக்களுக்கு இடையில் ஓர் இணைப்பு வளையம் தேவை. எஃப் 2.8 துவாரம் விடும் ஒளியைப்போல் நான்கு மடங்கை இது உள்ளே விடும். ஆகவே மாலைக் கருக்கலிலும், மின்னல் விளக்கின்றி, விறாந்தையிலேயே படமெடுக்கலாம். பின்னாலுள்ள கொடியுந் துணியுங் கரைந்து மறைய, முகம் மாத்திரம் தெளிந்து நிற்கும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று. பழைய பிலிமின் அளவான சென்சர் கொண்ட கமராவிலே, துவாரத்தை முழுவதுந் திறந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் நின்று எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஓர் அங்குலமே! கண் தெளிந்தால் காது மங்கும். முகம் சற்றே திரும்பியிருந்தால் மறு கண்ணும் மங்கிவிடும். இருப்பவர் மூச்செறிந்து சிறிது அசைந்தாலே போதும், குவியம் தவறிவிடும். புதிய வில்லைகளிலே இயந்திரம் கண்ணைத் தேடிப் பிடிக்கின்றது. இங்கே நமது விரல்தான் இயந்திரம்.

உட்கண்ணாடியுள்ள கமராவில் கண்வைத்துப் பார்க்குந் துவாரத்தை முற்றாக நம்புதல் தகாது. இக்காலக் கமராக்களின் பார்வைத் தகடு, வில்லை எஃப் 1.4இல் திறந்திருந்தாலும், ஏறத்தாழ எஃப் 2.8க்குரிய ஆழத்தையே காட்டும். அங்கே தெளிவாகத் தோன்றியது படத்தில் மங்கலாக விழுவது இதனாலேயே. பின்புறத் திரையிற் காட்சியைப் பெருப்பித்து, அண்மையிலுள்ள கண்ணின்மேல் வைத்து வளையத்தைத் திருப்புவதே மேல். குவியம் விழுந்த ஓரங்களை நிறமிட்டுக் காட்டும் வசதி சில கமராக்களில் உண்டு. அதுவும் முழுச் சாட்சியன்று: அம்மம்மா மூக்குக்கண்ணாடி அணிந்தவராயின், நிறம் முதலில் ஏறுவது கண்ணாடிச் சட்டத்தில், கண்ணிலன்று!

எஃப் 1.4 கையிலிருக்கிறதென்பதற்காக எப்போதும் அதையே திறந்து வைப்பது எனக்கு உடன்பாடன்று. 1984இல் பாக்கிஸ்தான் அகதி முகாமொன்றில் ஸ்டீவ் மக்கரி எடுத்து, 1985 ஜூன் மாத நேஷனல் ஜியோகிராபிக் இதழின் அட்டையில் வந்த ஆப்கானியச் சிறுமியின் கண்களை உலகம் மறக்கவில்லை. அதை எடுத்தது கையாற் குவிக்கும் 105 மில்லிமீற்றர் வில்லை. அதன் முழுத் துவாரமே எஃப் 2.5தான்.

ஆகவே அம்மம்மாவைச் சாய்வான நாற்காலியில் முதுகு பொருந்த இருத்துங்கள். கமராவை முக்காலியில் நிறுத்தி, எஃப் 2.8இல் நாலைந்து படங்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முழுத் துவாரம் அதன் பின்னர். முதியவர்களைப் பின்னொரு நாள் எடுக்கலாமென்று ஒத்திவைக்கும் வீடுகளில் அந்தப் பின்னொரு நாள் சில வேளை வாராமலே போய்விடுகின்றது. எடுத்த படத்தை அங்கேயே பெருப்பித்து, கண்ணிமை மயிர் தெரிகின்றதா எனப் பார்த்த பின்னரே அவரை எழும்ப விடுங்கள்.