டிராக்டர் கவிழ்ந்தால் குற்றவாளி விவசாயியா?



வரப்பு ஏறும்போது முன்சக்கரம் தூக்கி டிராக்டர் மல்லாக்கக் கவிழுது. ஓட்டினவர் அடியில் கிடக்கிறார். பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் வேட்டி சுற்றிக் கால் போகுது. வாங்கி ஆறே மாசமான வண்டி பிரேக் பிடிக்காமல் வாய்க்காலில் இறங்குது. ஊர் என்ன சொல்லுது? "அவன் விதி." ஸ்டேஷனில் என்ன எழுதறாங்க? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி..." டீலர் என்ன சொல்றார்? "வண்டியில குறையே இல்லீங்க, ஓட்டத் தெரியலை." செய்தவன் பேரும் விற்றவன் பேரும் மட்டும் எந்தக் காகிதத்திலும் வருவதில்லை!

இருக்கைக்குப் பின்னால் ரோல் பார் என்ற இரும்பு வளைவும் ஒரு சீட் பெல்ட்டும் இருந்தால், வண்டி கவிழ்ந்தாலும் ஆள் நசுங்க மாட்டார். சுவீடன் நாட்டில் புது டிராக்டருக்கு அது கட்டாயம் என்று 1959-லேயே சட்டம் வந்தது. கவிழ்ந்து சாவது அங்கே அபூர்வமாகிவிட்டது. நம் நாட்டில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும் டிராக்டரில் அந்த வளைவு பொருத்தித்தான் போகிறது. இங்கே நம்மிடம் விற்பதில் பெரும்பாலும் அது கிடையாது. வெயிலுக்குத் தகரக் கூரை வேண்டுமானால் போட்டுத் தருவார்கள். அது நிழல் தரும், உயிர் காக்காது. வெளிநாட்டான் உயிர் தங்கம், நம்ம உயிர் தவிடா?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். யமஹா கம்பெனியின் ரைனோ என்ற வண்டி, காடு மேடு எல்லாம் போகும் நாலு சக்கர வண்டி. சமதளத்தில் மெதுவாகத் திரும்பும்போதே கவிழ்ந்தவை பல. அந்நாட்டு அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 46 சாவுகளைக் கணக்கில் எடுத்தது. 2009 மார்ச்சில் கம்பெனி விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளை இலவசமாகச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டது. ஓட்டத் தெரியவில்லை என்பது அங்கே எடுபடவில்லை. இங்கே மட்டும் ஏன் எடுபடணும்?

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 84-ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரிப்பில் குறை, வடிவமைப்பிலேயே குறை, எச்சரிக்கையும் உபயோகிக்கும் முறையும் சரியாகச் சொல்லாதது, இதில் எது இருந்து நமக்குக் காயமோ சாவோ வந்தாலும் செய்த கம்பெனி நஷ்டஈடு தரணும். பொருத்துவதில், பரிசோதிப்பதில் டீலர் அக்கறை காட்டவில்லை என்றால் 86-ஆம் பிரிவில் அவரும் மாட்டுவார். அண்ணன் வாங்கிய வண்டியை அவர் சம்மதத்தோடு தம்பி ஓட்டி அடிபட்டால் தம்பியும் வழக்குப் போடலாம். செத்துப்போனால் வாரிசுகள் போடலாம்.

"விவசாயி நுகர்வோரே இல்லை, வியாபாரத்துக்கு வாங்கினவர்" என்று கம்பெனி வக்கீல் எழுந்து நிற்பார். அசரவேண்டாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கினவர் நுகர்வோர்தான் என்று 1995-ல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. விதை வாங்கி ஏமாந்த ஆந்திர விவசாயிகள் வழக்கில் 2012-ல் விவசாயி நுகர்வோரே என்றது. நாலைந்து வண்டி வைத்து ஆள் போட்டு வாடகைக்கு விடுகிறவர் கதை வேறு. அது கஷ்டம்தான், மறைக்க விரும்பவில்லை.

கம்பெனிக்காரன் முதலில் புரட்டும் பக்கம் 87-ஆம் பிரிவு. வண்டியைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றி அமைத்தாலோ விற்றவர் மேல் வழக்கு நிற்காது. அதனால்தான் சொல்கிறோம்: கவிழ்ந்த வண்டியை டீலர் ஷெட்டுக்கு அனுப்பாதீர்கள்! "இலவசமா ரெடி பண்ணித் தர்றோம்" என்பான். ரெடியாகி வரும்போது அறுந்த பிரேக் கேபிளும் உடைந்த ஆக்ஸிலும் காணாமல் போயிருக்கும். அதுதானே நம் சாட்சி? போட்டோ எடுங்கள், உடைந்த பாகத்தைச் சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் புத்தகம், ஜிப்மரில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஒன்றையும் விடாதீர்கள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதைப் போலீஸ் வாக்குமூலத்திலேயே சொல்லி எழுதவையுங்கள். கட்டில் ஓரத்தில் பத்தாயிரத்தை நீட்டி வெத்துப் பேப்பரில் கையெழுத்துக் கேட்பான். போடாதீங்க!

கெடு இரண்டே வருஷம். எல்லைக் குழப்பமும் இனி இல்லை. கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு. நம்மில் பாதிப் பேர் வண்டி வாங்கியது திண்டிவனத்தில், விழுப்புரத்தில். பழைய சட்டத்தில் அங்கே அலையணும். இப்போது நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 50 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்கு அதுதான் இடம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வாய்தா இழுக்கும் என்பது உண்மை. ஆனாலும் போடணும்.

கூலிக்கு ஓட்டும் தம்பிக்கு அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியான நமக்கே வரும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது, பொறுப்பு போய்விடவில்லை. டிரைவருக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் கட்டுங்கள். கதிரடிக்கும் மெஷினில் கை போவதைத் தடுக்க 1983-லேயே நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் சட்டம் போட்டது. நம்மில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்? சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்களா?

புதுச்சேரி அரசைக் கேட்கிறோம்! ரோல் பாரும் பி.டி.ஓ. மூடியும் இல்லாத வண்டிக்கு மானியம் தராதே! மானிய வண்டி கொடுக்கும்போதே, மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு சோதனை நிலையத்தின் அறிக்கையைத் தமிழில் கையில் கொடு! வண்டியால் அடிபட்டவருக்கு வழக்குச் செலவைச் சட்டப்பணி ஆணையம் மூலம் ஏற்பாடு செய்!

இந்தக் கோரிக்கைகளோடு, அறுவடை முடிந்ததும் தட்டாஞ்சாவடி வேளாண் துறை அலுவலகம் முன் தர்ணா. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் வானூர் விவசாயிகளும் வரணும். வண்டியால் அடிபட்டவர் வீட்டிலிருந்து ஒருவராவது பில்லும் ஆஸ்பத்திரிச் சீட்டும் எடுத்து வாங்க. மனு எழுதிக் கொடுக்கச் சங்கத்தில் ஆள் இருக்கிறோம், காசு வேண்டாம்.

இவண்,
செயலாளர், விவசாயிகள் சங்கம்,
கோரிமேடு, புதுச்சேரி