காட்டுக்குள்ள டென்ட் அடிக்க ஆசைப்படுறவங்களுக்கு

பட்டணத்துல வேலை பாக்குற தங்கச்சி மகன் போன் பண்ணான். "மாமா, காட்டுக்குள்ள ஒரு ராத்திரி டென்ட் அடிச்சுத் தங்கணும், உங்க ஊர்ல யாரையாச்சும் பிடிச்சு ஏற்பாடு பண்ணுங்க"ன்னான். பர்மிட் எடுத்தியாடான்னேன். "அதெல்லாம் எதுக்கு மாமா, காடு எல்லாருக்கும் பொதுதானே?" இப்படிப் பேசுறவங்க பெருகிட்டாங்க. அதனால எழுதுறேன்.

எங்க தேனிப் பக்கம் 2018 மார்ச் 11ஐ யாரும் மறக்க மாட்டாங்க. மாசி மாசம், ஞாயித்துக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்தவங்களைக் காட்டுத்தீ சுத்திக்கிச்சு. 23 பேர் செத்தாங்க. எல்லாம் படிச்ச, நல்ல வேலையில இருந்த பிள்ளைகள். அவங்க போன பாதைக்கு அனுமதி இல்லைன்னு அரசாங்கம் அப்புறம் சொல்லுச்சு. மாசி, பங்குனியில மலைச்சரிவுப் புல்லு சருகாக் கிடக்கும். சுக்குநாறிப் புல்லுல எண்ணெய் வேற இருக்கு. தீ மேட்டைப் பாத்து ஏறும்போது மனுசன் ஓடி முந்த முடியாது. இது எங்க ஊர்ல மாடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும், கூட்டிட்டுப் போறவனுக்குத் தெரியல.

சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள்ள அனுமதி இல்லாம நுழையக் கூடாது, தீ வைக்கக் கூடாதுன்னு 1972 வனவிலங்குச் சட்டத்துலயே இருக்கு. ராத்திரி குளிருக்குக் கொஞ்சம் சுள்ளி கொளுத்தினா என்னன்னு கேக்குறீங்க. அந்தக் கொஞ்சம்தான் பிரச்சினையே.

எனக்கு உறுத்துற விஷயம் வேற ஒண்ணு. புலிகள் காப்பகத்துக்குள்ள மேய்ச்சல் கூடாதுன்னு 2022ல கோர்ட்டு சொல்லிடுச்சு. மலைமாட்டுக்காரங்களுக்கு வயித்துல அடிச்ச மாதிரி. ஆனாலும் சட்டம்னு கட்டுப்படச் சொல்றாங்க. தலைமுறையா காட்டை நம்பிப் பொழைச்சவனுக்கு ஒரு ரூல்ஸ், சனி ஞாயிறு வந்து போறவங்களுக்கு ஒண்ணா? அது எந்த ஊரு நியாயம்?

போக வேண்டாம்னு சொல்லல. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைன்ல சீட்டு குடுக்குது. மலைசாதிப் பையன்களும் வழிகாட்டியா கூட வர்றாங்க. காசு கூடத்தான், இல்லைங்கல. ஆனா அந்தப் பையனுக்குக் கூலி கிடைக்குது, உங்களுக்கும் உசுரு பத்திரம். 2025ல பிப்ரவரி 15லேர்ந்து ஏப்ரல் 15 வரை தீக்காலம்னு மூடியும் வச்சாங்க. அது ரொம்பச் சரி.

இப்பப் பெரிய தலைவலி, காட்டோரமா பட்டா நிலத்துல டென்ட் போட்டு வாடகைக்கு விடுறது. யானைக்குப் பட்டா, புறம்போக்கு தெரியுமா? 2021 ஜனவரியில வயநாடு மேப்பாடியில அப்படி ஒரு டென்ட்டுல தங்கின பொண்ணை யானை அடிச்சுக் கொன்னுடுச்சு. டென்ட்டுத் துணி யானையைத் தடுக்காது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி, அந்த இடத்துக்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் இருக்கா, சுத்தி யானை வழித்தடம் இருக்கான்னு கேளுங்க. பதில் சொல்லாம வெறும் போட்டோவா அனுப்பினான்னா, போனை வச்சிடுங்க.